நூற்றியோராவது இடம்

என் மச்சானின் பட்டியலில் நூறு பாட்டுகள் இருக்கும். இருபத்தாறு வருடமாக வருடத்துக்கு ஒரு பட்டியல், பட்டியலுக்கு நூறு பாட்டு. ஒன்று கூடியதில்லை, ஒன்று குறைந்ததில்லை. இந்த வருடம் மட்டும் நூற்றியொன்று இருந்தது. அந்தக் கூடுதல் இடத்தை அவர் எனக்காகவே போட்டிருந்தார்.

"101. நனைந்த தீப்பெட்டி, மறுபதிப்பு" என்று தொடங்கியது அது. "முதலிடத்தில் இருக்கும் அதே பாட்டுதான். அது உயிரோடு இருக்கிறது, இது பிணம். வேகம் செத்துவிட்டது. பாடகியின் வாயில் ஈரத்துணியைத் திணித்துப் பாட வைத்ததுபோல் இருக்கிறது. பாட்டு தொடங்கும் முன் ஒரு மூச்சு கேட்குமே, வினாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்குமே, இந்தப் பாட்டை நான் முதலிடத்தில் வைத்திருப்பதே அதற்காகத்தானே, அதையும் துடைத்து எடுத்துவிட்டார்கள். ரீலிலிருந்து இதை மாற்றியவரை எனக்குத் தெரியும். அவரிடம் எல்லாக் கருவியும் இருக்கிறது, காதைத் தவிர."

மாற்றியவன் நான்.

என் மனைவி இதை அவர் வலைப்பக்கத்தில் பார்த்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டினாள். எழுதியவர் அவளுடைய சொந்த அண்ணன். எங்கள் கல்யாணத்தில் பாட வந்த குழுவுக்கு ஒவ்வொரு பாட்டாக மதிப்பெண் போட்டு, மேடையேறி வந்து, மாலையும் கழுத்துமாக நின்ற அவளிடம் "எதுவும் அறுபதைத் தாண்டல" என்று சொன்னவர். பகலில் அவர் காப்பீட்டுக் கம்பெனியில் சேத மதிப்பீட்டாளர். நசுங்கிய காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, எத்தனை சதவீதம் போய்விட்டது என்று சொல்லிவிடுவார். மனிதர்களையும் அப்படித்தான் சுற்றி வந்து பார்ப்பார். வெளியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நூறு' என்றால்தான் தெரியும்.

"உங்களுக்குக் காது இல்லையாம்," என்றாள் மனைவி.

"படிச்சேன்."

"நாப்பதாயிரம் பேரும் படிச்சிருக்காங்க."

என் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய பாட்டுகள் ஸ்டூடியோவில் பதிவானபோது, ரீலில் சுற்றிய பழுப்பு நாடாவில் பதிவாயின. அந்த நாடாவைத் திரும்ப ஓட்டி, இன்றைக்குக் கேட்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தருவது என் வேலை. இதில் முதல் விஷயம் வேகம். நாடா வேகமாக ஓடினால் குரல் மெலிந்து மேலே ஏறும், பாட்டு சீக்கிரம் முடியும். மெதுவாக ஓடினால் குரல் தடித்துக் கீழே இறங்கும். பாடியவர் எந்த உயரத்தில் பாடினாரோ அந்த உயரத்தில் அவரை நிறுத்துவதுதான் என் கடமை. எங்கள் தொழிலில் ஒருவனைப் பார்த்து "வேகம் தப்பு" என்பது, சமையல்காரரைப் பார்த்து உன் கை சுத்தமில்லை என்பதற்குச் சமம்.

கேசட் காலத்து ஆல்பங்கள் பன்னிரண்டின் உரிமையை ஒரு பாட்டுக் கம்பெனி வாங்கியிருந்தது. எந்தப் பன்னிரண்டு என்று முடிவு செய்ய அந்தக் கம்பெனியின் பெண் மேலாளர் அதிகம் கஷ்டப்படவில்லை. என் மச்சான் பாட்டுகளோடு ஆல்பங்களுக்கும் வரிசை போடுவார். அதில் முதல் பன்னிரண்டை அப்படியே வாங்கிவிட்டார். அந்த முதலிடத்துப் பாட்டு இருக்கும் முதல் ஆல்பமான 'நனைந்த தீப்பெட்டி'யை எனக்கு வெள்ளோட்டமாகத் தந்தார். நன்றாக வந்தால் மீதிப் பதினொன்றும் எனக்கு. அதை நம்பி, ஒளிநகல் இயந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டிருந்தேன்.

பட்டியல் வந்த மூன்றாம் நாள் மேலாளர் கூப்பிட்டார்.

"சார், உங்க வேலைய நான் குறை சொல்லல. ஆனா நானூறு மெயில் வந்திருக்கு. எல்லாத்துலயும் ஒரே கேள்வி, ஏன் மெதுவா இருக்கு, மூச்சு எங்க போச்சு. சனிக்கிழமை காலைல நீங்க ரெண்டு பேரும் ஆபீஸுக்கு வாங்க. அவர் கேசட்ட அவர் போடட்டும், உங்களோடத நீங்க போடுங்க. கேட்டுட்டு, மீதி பதினொண்ணு யார் கைக்குப் போகணும்னு சொல்றேன்."

போனை வைத்ததும் மச்சானின் வலைப்பக்கத்தைத் திறந்தேன். முதலிடத்துப் பாட்டின் தொடக்கத்தை, தன் கேசட் டெக்கில் ஓடியபடியே முப்பது வினாடி பதிவேற்றியிருந்தார், வாசகர்கள் மூச்சைக் கேட்க. கேட்டேன். உண்மையாகவே மூச்சு இருந்தது. வ்வூம், வ்வூம், வ்வூம் என்று, யாரோ தூங்குவதுபோல. நான் மாற்றிய ரீலில் அந்த இடத்தில் மின்சார ரீங்காரம் மட்டும்தான் இருந்தது. ஏறாமல் இறங்காமல் ஒரே கோடாக. அதைத்தான் நான் துடைத்தேன்.

ஒலியைக் கூறு போட்டுக் காட்டும் மென்பொருளில் அந்த முப்பது வினாடியை ஏற்றினேன். இரண்டு ரீங்காரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று ஐம்பது, மற்றது ஐம்பத்திரண்டு.

இது எவ்வளவு அழகான விஷயம் என்று சொல்லாமல் இருக்க முடியாது. நம் சுவரிலிருந்து வரும் மின்சாரம் வினாடிக்கு ஐம்பது முறை துடிக்கிறது. சரியாகக் கம்பி இழுக்காத கருவிகளில் அந்தத் துடிப்பு ரீங்காரமாகக் கசியும். அந்தக் காலத்து ஸ்டூடியோவில் கசிந்தது, நாடாவில் பதிந்தது. அதாவது ஒவ்வொரு பழைய நாடாவும் தன்னுடைய சரியான வேகத்தைத் தானே சுமந்துகொண்டிருக்கிறது. ரீங்காரம் ஐம்பதில் நின்றால் வேகம் சரி. மச்சானின் டெக்கும் பழசு, அதுவும் தன் பங்குக்கு ஐம்பதில் ரீங்கரிக்கிறது. ஆனால் கேசட்டிலிருந்து வரும் ரீங்காரம் ஐம்பத்திரண்டு. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறார்கள், ஒருவர் வைப்பது ஐம்பது அடி, மற்றவர் வைப்பது ஐம்பத்திரண்டு என்று வையுங்கள். அந்த நேரத்துக்குள் இரண்டே முறைதான் இருவர் காலும் ஒன்றாகத் தரையில் படும். அந்த இரண்டு இடத்தில் சத்தம் பெருகும், நடுவில் வற்றும். வினாடிக்கு இரண்டு மூச்சு அப்படித்தான் வருகிறது. பாடகியும் மூச்சு விடவில்லை, பாட்டும் விடவில்லை. அவர் டெக் நூற்றுக்கு நாலு வேகமாக ஓடுகிறது.

மனைவியைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ போய்ச் சொல்லுங்க. சனிக்கிழமை நாலு பேர் முன்னாடி மூஞ்சில கரி பூசறதுக்கு முன்னாடி, வீட்டோட சொல்லிடுங்க. என்ன இருந்தாலும் அண்ணன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பேசும்போது 'அதாவது'ன்னு மட்டும் ஆரம்பிச்சிடாதீங்க."

புதன்கிழமை மாலை போனேன். கதவைத் திறந்தவர் முதலில் என் கையைப் பார்த்தார்.

"ஸ்க்ரூடிரைவர் எதுவும் கொண்டு வரலயே மாப்ள?"

"வெறுங்கையோடதான் வந்திருக்கேன் மச்சான்."

"காதையாவது கொண்டு வந்தியா?"

அவருடைய பாட்டறையில் மூன்று சுவர்களிலும் கேசட்டுகள். அங்கே அடுக்கே தரவரிசைதான். கதவருகே கண் மட்டத்தில் முதலிடம், அங்கிருந்து சுற்றிக்கொண்டு போய் ஜன்னல் ஓரம் நூறு. ஒவ்வொரு வருடமும் பட்டியல் மாறியதும் நாலு நாள் விடுப்பு எடுத்து எல்லாவற்றையும் இறக்கி ஏற்றுவார். சி.டி. டிஸ்க்குகள் நாலாவது சுவரில், தரையோடு தரையாக. எந்த டிஸ்க்கும் அவர் பட்டியலில் முதல் நாற்பதுக்குள் வந்ததே இல்லை. கேசட் காலத்தில் பாட்டில் ரத்தம் ஓடியது, டிஸ்க் வந்ததும் எல்லாம் தொய்ந்துவிட்டது என்பது அவர் கொள்கை. அதைப் பற்றி ஒன்பது கட்டுரை எழுதியிருக்கிறார். டிஸ்க்கை அவர் வேறு பெட்டியில் கேட்கிறார், அது சரியான வேகத்தில் ஓடுகிறது என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

"அதாவது மச்சான்," என்றேன்.

"ஆரம்பிச்சுட்டான்."

"உங்க முப்பது செகண்டுல ரெண்டு ரீங்காரம் இருக்கு. டெக்கோடது அம்பது. டேப்புக்குள்ள இருந்து வர்றது அம்பத்திரெண்டு. ஸ்டூடியோலயும் கரண்டு அம்பதுதான். அப்போ உங்க டெக்..."

"உன் ரீல் மெதுவா ஓடுது."

"கேசட் அட்டையில அஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கு. உங்க பட்டியல்ல நாலு நாப்பத்தெட்டுன்னு எழுதியிருக்கீங்க."

"அட்டையில அச்சுப் பிழை."

"இந்த மூணு சுவத்துலயும் இருக்கற எல்லா அட்டையிலயுமா?"

"அந்தக் காலத்துல அச்சடிக்கறவன் எவன் கடிகாரத்தப் பாத்தான்?" என்றார். கொஞ்சமும் கூசவில்லை. "மூச்சப் பத்தி நான் எழுதினப்ப ஆறாயிரம் பேர் ஆமாம்னு எழுதினாங்க. அத்தன பேருக்கும் செவிடா? உனக்கு மட்டும் மெஷினு சொல்லுதா?"

"அத்தன பேரும் கேட்டது உங்க டெக்லேருந்து ஏத்தினதத்தானே மச்சான். ஒரு தடவ மூடியத் திறந்து பாக்கலாமா?"

அவர் டெக்குக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். "இதுல கை வச்ச, தங்கச்சி புருஷன்னு பாக்க மாட்டேன். என்ன தெரியும் உனக்கு இதப் பத்தி? அறுபது கரண்டு ஊர்லேருந்து வந்த டெக்கு இது. இங்க மெதுவா ஓடும்னு எனக்குத் தெரியாதா? மோட்டார் புல்லி பத்து மில்லி. லேத்துல குடுத்து பித்தள வளையம் போட்டு, பன்னெண்டு மில்லி ஆக்கினேன். கணக்கு சரியா? சொல்லு. மார்க் போடு."

நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். சில நாடுகளில் மின்சாரம் வினாடிக்கு அறுபது முறை துடிக்கும். இந்த வகை மோட்டார் அந்தத் துடிப்போடு சேர்ந்துதான் சுற்றும். இங்கே கொண்டு வந்தால் ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விடும். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் மின்அழுத்தம் மாறும், துடிப்பு மாறாது. ஆகவே பெல்ட்டை இழுக்கும் புல்லியைப் பெரிதாக்க வேண்டும். ஐந்துக்கு ஆறு. பத்துக்குப் பன்னிரண்டு.

"சரியாத்தான் இருக்கு," என்றேன்.

"சரியாத்தான் இருக்கும். சதவீதம் போட்டுத்தான் நான் சோறு சாப்பிடறேன்." கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "தங்கச்சிக்காக ஒண்ணு சொல்றேன். இந்த வேல என்னால ஆகலன்னு அந்த மேடத்துக்கு நீயே எழுதிடு. நான் நூத்தியொண்ண எடுத்துடறேன். இல்லன்னா சனிக்கிழமை டெக்கையே தூக்கிட்டு வரேன். மிச்சம் மீதி மானத்தையும் அங்க வச்சு வாங்கிக்கறேன்."

வீட்டில் மனைவி கேட்டாள், "என்ன சொன்னாரு?"

"கணக்கு சரியா இருக்கு."

"யாரு கணக்கு?"

"அவரோடது."

அவள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சண்ட போடப் போனீங்களா, அவருக்கு மார்க் போடப் போனீங்களா?"

அவர் கணக்கு சரியென்றால் ஐம்பத்திரண்டு எங்கிருந்து வருகிறது என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். தெரியவில்லை. ஆனால் காரணம் தெரியாமலே விளைவைக் காட்ட முடியும். அந்த மூச்சு பாட்டுக்குச் சொந்தமில்லை என்று காட்ட, பாட்டே இல்லாத ஒரு கேசட் போதும்.

வெள்ளிக்கிழமை, மெல்லிய செம்புக் கம்பியை நூறு சுற்று சுற்றி ஒரு வளையம் செய்தேன். அதை எங்கள் ஃப்ரிட்ஜின் பின்பக்கம், மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்து, கம்பியின் நுனிகளை என் கேசட் டெக்கில் செருகிப் பத்து நிமிடம் பதிந்தேன். மோட்டாரைச் சுற்றி எழும் காந்தத் துடிப்பு அந்தச் செம்பு வளையத்தில் மின்சாரமாகி, ஐம்பதில் ஒரே ரீங்காரமாகப் பதியும். என் டெக்கில் போட்டுக் கேட்டேன். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"என்ன பாட்டு பாடுது?" என்று கேட்டாள் மனைவி.

"ஒரே சுருதிதான்."

"பரவாயில்ல. கல்யாணத்துக்கு இதையே வச்சிருக்கலாம்."

சனிக்கிழமை காலை, கம்பெனியின் மூன்றாவது மாடி. நீள மேசை, சுவரில் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் ஓர் அலமாரியில் பதினொரு ரீல் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மச்சான் டெக்கைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மேலாளரைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்து, "வந்துட்டியா," என்றார்.

அவர் கேசட் முதலில் ஓடியது. வ்வூம், வ்வூம் என்று அந்த மூச்சு. பிறகு கிதார், பிறகு பாடகி, துள்ளிக்கொண்டு வந்தாள். மேலாளர் தலையாட்டினார். அடுத்து என்னுடையது. ஒரு நிமிடம் போனதும் அவர் பேனாவால் மேசையைத் தட்டத் தொடங்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இது கொஞ்சம் தூங்குற மாதிரி இருக்கே."

"நானும் அதத்தான் எழுதினேன்," என்றார் மச்சான். "நாகரிகமா பிணம்னு எழுதினேன்."

அவர்கள் காதில் தப்பு இல்லை. எந்தப் பாட்டையும் நூற்றுக்கு நாலு கூட்டி ஓட்டினால் அது பளிச்சென்று, சுறுசுறுப்பாக இருக்கும். அதைக் கேட்ட கையோடு சரியான வேகத்தைக் கேட்டால் பாட்டு நடை தளர்ந்ததுபோலத்தான் தெரியும். இதைச் சொல்ல வாயெடுத்தேன். 'அதாவது' என்றுதான் தொடங்க வந்தது. நிறுத்திக்கொண்டு கேசட்டை நீட்டினேன்.

"மச்சான், உங்க டெக்லயே இதப் போடுங்க."

"என்ன இது?"

"கேட்டுட்டு இடம் குடுங்க."

சந்தேகமாகப் பார்த்தார், போட்டார். ஒலிபெருக்கியிலிருந்து வந்தது: வ்வூம், வ்வூம், வ்வூம். வினாடிக்கு இரண்டு.

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதே மூச்சு! இது எந்தப் பாட்டு?"

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேடம்."

மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு வரவில்லை. வரப்போவதும் இல்லை என்று மச்சானுக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. அந்த அரை நிமிடத்தை நான் ரசித்தேன், மறைக்க மாட்டேன்.

"எத்தனாவது இடம் மச்சான்?" என்றேன். "ஒண்ணா, ரெண்டா? அட்டையில நேரம் போடல, அச்சுப் பிழையும் இருக்காது."

அவர் முகம் செங்கல் நிறமானது. மேலாளர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். அது மச்சானுக்கு இன்னும் சுட்டிருக்க வேண்டும்.

"ஸ்க்ரூடிரைவர் குடு."

"நான் திறக்கறேன்..."

"குடுன்னு சொன்னேன்."

அவரே திறந்தார். ஆறு திருகாணி. மூடி வந்ததும் நான் எட்டிப் பார்த்தேன். மோட்டார் தண்டில் பித்தளை வளையம் தெரியவில்லை. அதன் மேல் பழுப்பாக, காய்ந்து இறுகிப்போய், ஏதோ ஒரு பட்டை.

"இது என்ன?"

அவர் குனிந்து அதை விரலால் தடவினார். "பிளாஸ்திரி," என்றார். "வளையம் போட்ட மறுநாள் பெல்ட்டு வழுக்குச்சு. பித்தள வழவழன்னு இருந்துச்சு. விரல்ல காயம்னு பிளாஸ்திரி வாங்கி வச்சிருந்தேன். பிடிமானத்துக்கு ஒரு சுத்து சுத்தினேன்."

"அதாவது மச்சான், பிளாஸ்திரி கால் மில்லி கனம். ரெண்டு பக்கமும் சேந்தா அரை மில்லி. பன்னெண்டு மில்லி பன்னெண்டரை ஆயிடுச்சு."

"தெரியுது. வாய மூடு."

லேத்தில் கொடுத்து, அளந்து, கணக்குப் போட்டுச் சரியாகச் செய்த மனிதர், மறுநாள் கைக்குக் கிடைத்ததைச் சுற்றிவிட்டு அதை மறந்தே போயிருக்கிறார். இரண்டு மூன்று காகிதத் தாளின் கனம். தொய்வுக் கொள்கையும் ஒன்பது கட்டுரையும் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தன. அவர் நகத்தால் சுரண்டிச் சுரண்டி அதை எடுத்தார். நான் உதவ நீட்டிய கையைத் தட்டிவிட்டார்.

பிளாஸ்திரி போனதும் பெல்ட் மறுபடி வழுக்கியது. பாட்டு தள்ளாடியது, பாடகி குடித்துவிட்டுப் பாடுவதுபோல். இப்போது அவருக்கு வேறு வழி இல்லை, விலகிக்கொண்டார். மேலாளரின் கைப்பையிலிருந்து நகம் தேய்க்கும் அரத்தை வாங்கி, மோட்டாரைச் சுற்றவிட்டு, வழவழப்பு போகும்வரை பித்தளையை லேசாகச் சொறிந்தேன். துடைத்து, பெல்ட்டை மாட்டினேன். அவர் என் கழுத்துக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"அதிகம் தேச்சிடாத. அப்புறம் மெதுவா ஓடிச்சுன்னா உன்ன விடமாட்டேன்."

"நீங்களே அளந்துக்குங்க."

கேசட்டை முதலிலிருந்து போட்டோம். ரீங்காரம் ஒரே கோடாக நின்றது. மூச்சு இல்லை. கிதார் வந்தது, பாடகி வந்தாள், என் மறுபதிப்பில் இருந்த அதே உயரத்தில், அதே நடையில். மச்சான் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். ஐந்து நிமிடம். ஒரு வினாடி முன்னே பின்னே இல்லை.

"இன்னொரு தடவ," என்றார்.

இரண்டாம் முறையும் கேட்டார். கண்ணை மூடவில்லை. நசுங்கிய காரைப் பார்ப்பதுபோல் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் டெக்கை நிறுத்தினார்.

"நூறுக்குள்ள வராது."

"என்ன சொன்னீங்க?" என்றார் மேலாளர்.

"வேகம் இவன் சொன்னதுதான் சரி. ஒத்துக்கறேன். ஆனா இந்த வேகத்துல இது நூறுக்குள்ள வராது. இழுவ. நடுவுல அந்தப் புல்லாங்குழல் வேற. இதுக்கா இருபத்தாறு வருஷம் மொத இடம் குடுத்தேன்?" சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். "மத்த பதினொண்ணும் இதே டெக்குல கேட்டதுதான். எதுவும் நிக்குமான்னு தெரியல. எல்லாத்தையும் மொதல்லேருந்து கேக்கணும். இன்னைக்கே எழுதிடறேன்."

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன எழுதப் போறீங்க?"

"உள்ளத."

"சார், கொஞ்சம் இருங்க. அந்தப் பன்னெண்டையும் நான் உங்க லிஸ்ட்ட நம்பித்தான் எடுத்தேன். மேல இருக்கறவங்க கிட்ட அந்த லிஸ்ட்டக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன். மொத இடமே இல்லன்னு நீங்க எழுதினா மீதி பதினொண்ணையும் எவன் வாங்குவான்? நானே நிறுத்திடுவேன்." என் பக்கம் திரும்பினார். "உங்க மேல தப்பு இல்லன்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு. பதினொண்ணும் உங்களுக்குத்தான். சரியான வேகத்துலயே பண்ணுங்க, நான் கேட்கவே மாட்டேன். இவர் எதுவும் எழுதாம இருந்தாப் போதும். லிஸ்ட்டு இருக்கறபடி இருக்கட்டும்."

தொழிலில் என் நல்ல பெயரும் அந்தப் பதினொரு பெட்டிகளும் ஒன்றுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். பெயரைக் காப்பாற்றினால் பெட்டிகள் தானாக வரும் என்று. அந்த நிமிடத்தில் இரண்டும் தனித்தனியாக மேசையின் இரண்டு முனைகளில் இருந்தன. பட்டியல் அப்படியே இருந்தால் வேலை எனக்கு. நூற்றியோராவது இடமும் எனக்கு.

மச்சானுக்கும் அது புரிந்துவிட்டது. காலையிலிருந்து முதல்முறையாக அவர் முகம் தெளிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"பாத்தியா மாப்ள? நான் தப்பா எழுதியிருக்கேன். பொய் எழுதினதில்ல. ஆனா உனக்காக ஒரு தடவ வாய மூடிக்கறேன். என்ன பண்றது, தங்கச்சி வாழ்க்கையாச்சே. நீ கேட்டாப் போதும். 'எழுதாதீங்க மச்சான்'னு ஒரே ஒரு தடவ கேளு. மேடம் முன்னாடி."

மேலாளர் என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ரீல் பெட்டிகள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு ரீங்காரம் இருக்கும், தன் வேகத்தைத் தானே சொல்லிக்கொண்டு. அதையெல்லாம் நான் சரியாக மாற்றித் தருவேன். ஒவ்வொன்றும் வெளிவரும்போது நானூறு மெயில் வரும், ஏன் மெதுவாக இருக்கிறது என்று. காரணம் தெரிந்த மூன்று பேரும் பேச மாட்டோம். இந்த மனிதர் ஒவ்வொரு வருடமும் என்னைப் பார்த்துச் சிரிப்பார். வீட்டுக்குப் போனால் மனைவி என்ன சொல்வாள் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"எழுதுங்க," என்றேன்.

"என்ன?"

"எழுதுங்க மச்சான். இப்பவே. என் முன்னாடி."

"சார், உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்றார் மேலாளர்.

மச்சானின் முகம் சுருங்கியது. நான் கெஞ்சுவேன் என்று நிஜமாகவே எதிர்பார்த்திருக்கிறார். போனை எடுத்தார். இரண்டு கட்டைவிரலாலும் ஓங்கி ஓங்கி அடித்தார், ஒவ்வொரு எழுத்தும் என் மேல் விழ வேண்டும் என்பதுபோல. மேலாளர் எழுந்து போய்க் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் யாரையோ போனில் கூப்பிட்டார். "பதினொண்ணையும் நிறுத்துங்க," என்று சொன்னது இங்கே வரை கேட்டது.

எழுதி முடித்ததும் மச்சான் எனக்குக் கேட்கும்படி படித்தார்:

"திருத்தம். 'நனைந்த தீப்பெட்டி' மறுபதிப்பின் வேகம் சரியானது. என் டெக் இருபத்தாறு வருடமாக நூற்றுக்கு நாலு வேகமாக ஓடியிருக்கிறது. மூச்சு என்று நான் எழுதியது அதன் கோளாறு. ஆகவே இந்தப் பாட்டை முதலிடத்திலிருந்தும் பட்டியலிலிருந்தும் நீக்குகிறேன். மீதிப் பாட்டுகளைத் திரும்பக் கேட்கும்வரை பட்டியல் இல்லை. மறுபதிப்பைச் செய்தவர் ஒரு மட்டமான பாட்டை மிகச் சரியான வேகத்தில் நமக்குத் தந்திருக்கிறார்." நிமிர்ந்தார். "போதுமா? வேல போச்சு. திருப்தியா?"

"நாலு இல்ல மச்சான்," என்றேன். "நாலு புள்ளி ஒண்ணு ஏழு."

அவர் பல்லைக் கடித்தார். தாடை அசைவது தெரிந்தது. பிறகு குனிந்து, அந்த எண்ணைத் திருத்தி, அனுப்பினார்.